இரண்டிரண்டு பேராக

திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர்களுக்கு மிஷனெரி என்றால் யாரென்று விளக்க வேண்டியதில்லை. பாளையங்கோட்டையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மிஷனெரி பெயரில் பள்ளிக்கூடமோ கல்லூரியோ நிற்கும். மெஞ்ஞானபுரம், சாயர்புரம், இடையன்குடி, டோனாவூர் என்று ஊர்ப் பெயரைச் சொன்னாலே அங்கே வந்து தங்கியவர்களின் பெயரும் கூடவே வந்துவிடும். அவர்கள் கட்டிய கோவில், தொடங்கிய ஆஸ்பத்திரி, எழுதிய இலக்கணம் எல்லாம் நமக்குப் பாடம். காலையில் எத்தனை மணிக்கு எழுந்தார்கள், யார் சமைத்தது, யார் துணி துவைத்தது, கூட இருந்தவரோடு மனக்கசப்பு வந்தால் என்ன செய்தார்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளை ஒருவன் கடல் தாண்டிப் போன பிறகுதான் எனக்கு இந்தக் கேள்விகளே வந்தன.

போனவன் என் அக்கா மகன். 2023 ஜூலையில் பிலிப்பைன்ஸுக்குப் போனான். மணிலாவில் சில வாரம் பயிற்சி, அங்கிருந்து பனாய் தீவில் இலோயிலோ. எங்கள் சி.எஸ்.ஐ. சபை, அதாவது தென்னிந்தியத் திருச்சபை, அனுப்பவில்லை. மார்மன்கள் என்று உலகம் அழைக்கிற சபை அனுப்பியது. அந்தப் பெயர் வேண்டாம், முழுப்பெயரைச் சொல்லுங்கள் என்று 2018-லிருந்து அவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது முழுப்பெயர்.

கோயம்புத்தூரில் டிப்ளமோ படித்தபோது கூடப் படித்தவன் ஒருவன் அழைக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருக்கிறான். அப்புறம் போவதை நிறுத்தவில்லை. ஞானஸ்நானம் எடுத்துக்கொண்ட பிறகுதான் வீட்டில் சொன்னான். அக்கா அழுதாள். அத்தான் ஒரு வாரம் பேசவில்லை. நான் என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர்களுடைய போதனை எனக்கு ஏற்புடையது அல்ல. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் தனித்தனி ஆள்கள் என்கிறார்கள். நாங்கள் ஒரே தேவன் என்று அறிக்கை செய்து வளர்ந்தவர்கள். வேதாகமத்தோடு மார்மன் புத்தகம் முதலான வேறு நூல்களையும் வேதமாக வைத்திருக்கிறார்கள். இதிலெல்லாம் நான் ஒரு அங்குலம் நகரவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் வாழ்கிற ஒரு நாளை அருகில் வைத்துப் பார்த்தபோது எனக்கு மரியாதை வந்துவிட்டது. கொள்கையைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் அந்த நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். பையன்கள் 18 வயதிலும் பெண்கள் 19 வயதிலும் போகலாம் என்று 2012-ல் வயதைக் குறைத்தார்கள்; அவன் போனபோது அதுதான் விதி. பையன்களுக்கு இரண்டு வருடம், பெண்களுக்கு ஒன்றரை வருடம். 2023 முடிவில் உலகம் முழுக்க 67,000-க்கும் மேற்பட்டவர்கள் இந்த ஊழியத்தில் இருந்தார்கள். எந்த நாட்டுக்கு என்று நாம் கேட்க முடியாது. விண்ணப்பம் போட வேண்டும், டாக்டரிடமும் பல் டாக்டரிடமும் காட்டிச் சான்று வாங்க வேண்டும், அப்புறம் தலைமையிலிருந்து அழைப்பு வரும். சம்பளம் கிடையாது. அமெரிக்கக் குடும்பங்கள் பிள்ளைக்காக மாதம் 500 டாலர் கட்டுகின்றன. மற்ற நாடுகளில் தொகை வேறு. முடியாத வீடுகளுக்குச் சபையின் பொது நிதி கைகொடுக்கிறது. அத்தான் பேசாமல் இருந்த மனிதர்தான். ஆனால் மாதம் பிறந்ததும் அவனுக்கான பணத்தை எடுத்து வைப்பதும் அவர்தான்.

இலோயிலோவில் ஒரு நாள் காலை ஆறரைக்குத் தொடங்குகிறது. சிறிய வாடகை வீடு, இரண்டு கட்டில், இரண்டு மேஜை, ஒரு கேஸ் அடுப்பு. எழுந்ததும் அரைமணி நேரம் உடற்பயிற்சி. குளியல் நம் ஊர் மாதிரியே வாளியும் மக்கும். சோறும் முட்டையும் காலைச் சாப்பாடு. அப்புறம் தனியாக வேதவாசிப்பு, இருவரும் சேர்ந்து வாசிப்பு, அதற்குப் பிறகு மொழிப் பாடம். அந்த ஊர்ப்பக்கம் பேசுவது ஹிலிகைனோன். பத்து மணிக்கு வெளியே கிளம்பிவிட வேண்டும். வெள்ளைச் சட்டை, கறுப்புப் பேண்ட், நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டை. இரவு ஒன்பது வாக்கில் வீடு திரும்பி, மறுநாள் யார் யார் வீட்டுக்குப் போவது என்று எழுதி வைத்து, பத்தரைக்கு விளக்கை அணைக்க வேண்டும். சினிமா கிடையாது, டிவி கிடையாது, காதல் கண்டிப்பாகக் கிடையாது. ஊருக்குத் தக்கபடி நேரம் அரைமணி முன்னே பின்னே போகும். மற்றதெல்லாம் அப்படியேதான்.

பெயர்ப்பட்டையில் ஒரு விஷயம். அவர்கள் ஒருவரையொருவர் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்டர் என்று சொல்லிக் குடும்பப் பெயரைச் சேர்ப்பார்கள். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் இருப்பது அப்பா பெயர். ஆகவே இலோயிலோவில் தெருத்தெருவாக அவனை அத்தான் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். ஒருநாள் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து யாரோ அப்படிக் கூப்பிட, இங்கே பேப்பர் படித்துக்கொண்டிருந்த அத்தான் நிமிர்ந்து பார்த்தார். தன் பெயர் கடல் தாண்டிப் போய் நடமாடுகிறது என்பது அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. அதற்குப் பிறகு திங்கட்கிழமைப் பேச்சில் அவரும் வந்து உட்கார ஆரம்பித்தார்.

திங்கட்கிழமைதான் அவர்களுக்கு ஓய்வு. ஓய்வு என்றால் படுத்துக் கிடப்பது அல்ல. துணி துவைக்க வேண்டும், சந்தைக்குப் போக வேண்டும், முடிவெட்ட வேண்டும், வீட்டைக் கழுவ வேண்டும், எல்லாம் முடித்து வீட்டுக்குப் பேச வேண்டும். 2019-க்கு முன்னால் வருடத்தில் இரண்டே முறைதான் வீட்டுக்குப் பேசலாம், கிறிஸ்மஸுக்கும் அன்னையர் தினத்துக்கும். இப்போது வாரம் ஒருமுறை. அந்தப் பேச்சில் பாதி நேரம் துணியைப் பற்றித்தான் போகும். சட்டைக் காலர் வேர்வையில் மஞ்சள் பாரித்துவிடுகிறது, என்ன தேய்த்தும் போகவில்லை என்று முதல் மாதம் புலம்பினான். அக்கா போனைக் குழாயடியில் சாய்த்து வைத்துவிட்டு, அத்தானின் சட்டை ஒன்றை எடுத்து எலுமிச்சம்பழம் தேய்த்து, ஊறவைத்து, பிரஷ்ஷால் காலரின் உள்பக்கம் மட்டும் குறுக்காகத் தேய்ப்பது எப்படி என்று காட்டினாள். நீலம் போடும்போது முதலில் தண்ணீரில் கலக்கிவிட்டு அப்புறம் துணியை முக்க வேண்டும், நேராகத் துணியில் ஊற்றினால் திட்டுத்திட்டாகப் பிடித்துக்கொள்ளும் என்றாள். அவன் பக்கத்தில் ஒரு சமோவா பையன், ஆறடிக்கு மேல் உயரம், குனிந்து நின்று அத்தனையையும் கவனித்துக்கொண்டிருந்தான். மழைக்காலத்தில் அங்கே சட்டை காய்வதே இல்லை. ஈரச் சட்டையை இரவில் இஸ்திரி போட்டே உலர்த்துகிறார்கள்.

அந்தச் சமோவா பையன்தான் அவனுடைய முதல் துணை. இந்த ஊழியத்தின் எலும்பே இதுதான் என்று நினைக்கிறேன். இவர்கள் தனியாக எங்கேயும் போவதில்லை. குளியலறை தவிர மற்ற நேரமெல்லாம் ஒருவர் கண்ணுக்கும் காதுக்கும் எட்டுகிற தூரத்தில் மற்றவர் இருக்க வேண்டும். யார் கூட என்று தேர்ந்தெடுக்கவும் முடியாது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றல் வரும். சில நேரம் ஊர் மாறும், சில நேரம் துணை மாறும். தம் சீஷர்களை இயேசு இரண்டிரண்டு பேராக அனுப்பினார் என்று நாம் ஞாயிறுபள்ளியில் படித்திருக்கிறோம். அந்த இரண்டு பேருக்குள் ஒருவர் குறட்டை விட்டால், ஒருவர் பாத்திரம் கழுவாமல் போட்டுவிட்டுப் போனால், ஒருவருக்கு விடிந்தால் போதும் வீட்டு நினைப்பிலேயே கண் கலங்கினால் மற்றவர் என்ன செய்வது என்று நான் யோசித்தது கிடையாது.

இவனுக்கு மூன்றாவதாக வந்த துணை அமெரிக்காவில் ஐடஹோக்காரன். நல்ல பையன், ஆனால் அடுப்பு பற்றவைக்கத் தெரியாது. இவனுக்கோ பேசாமல் உம்மென்று இருக்கிற சுபாவம், அப்படியே எங்கள் அப்பா. ஒருமுறை இருவரும் சில நாள் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கும் அவர்களிடம் ஒரு முறை இருக்கிறது. வாரம் ஒருமுறை இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, என்ன நன்றாகப் போகிறது, எது மனதை உறுத்துகிறது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஜெபத்தில் தொடங்கி ஜெபத்தில் முடிக்க வேண்டும். “சித்தி, அவன் என்னைப் பாத்துச் சொன்னான், நீ கோவப்பட்டா சத்தம் போட்டாக்கூடப் பரவாயில்ல, இப்படிப் பேசாம இருக்கியே அதுதான் எனக்குப் பயமா இருக்குன்னு.” அதைச் சொல்லும்போது அவன் குரல் வேறு மாதிரி இருந்தது. எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறை ஆண்களிடம் யாரும் சொல்லத் துணியாத ஒன்றை 19 வயது ஐடஹோக்காரன் சொல்லிவிட்டான். இந்த ஒரு வழக்கத்தை நம் வீடுகளுக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று மனதாரச் சொல்வேன்.

துணையோடு ஊர் ஊராகப் போவது நம் மண்ணுக்குப் புதிதல்ல. 1854-ல் ராக்லண்ட் என்கிற கேம்பிரிட்ஜ்காரர் இன்னும் இரண்டு இளம் மிஷனெரிகளைச் சேர்த்துக்கொண்டு வடதிருநெல்வேலிக்குள் போனார். பங்களா கட்டவில்லை. கூடாரம் அடித்து, சில நாள் இருந்து, பிடுங்கி அடுத்த ஊருக்குப் போனார்கள். உடம்புக்கு முடியாத மனிதர். அப்போது திருநெல்வேலி ஜில்லாவில் இருந்த சிவகாசியில் 1858-ல் இறந்துபோனார். டோனாவூர் ஏமி கார்மைக்கேலும் அங்கே நிலைப்பதற்கு முன்னால் பொன்னம்மாள் முதலான தமிழ்ப் பெண்களோடு மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போனவர்தான். வயதைப் பார்த்தால் எல்லாரும் பிள்ளைகள். ஜி.யு. போப் 1839-ல் சென்னையில் வந்து இறங்கியபோது 19 வயது. கால்டுவெல் 1838-ல் வந்தபோது 23. மூன்று வருடம் கழித்துச் சென்னையிலிருந்து நீலகிரி வழியாக நடந்தே திருநெல்வேலிக்கு வந்தார். சாயர்புரத்திலும் இடையன்குடியிலும் நாம் பார்க்கிற படங்களில் இருவருக்கும் நரைத்த தாடி. வெயிலில் தோல் உரிந்து, மொழி தெரியாமல் விழித்து, வீட்டை நினைத்துத் தூக்கம் வராமல் கிடந்த அந்த இளவயதை யாரும் படம் பிடித்து வைக்கவில்லை.

மார்மன் பிள்ளைகளும் அந்தக் காலத்திலேயே நம் பக்கம் வந்திருக்கிறார்கள் என்பது எனக்குச் சமீபத்தில்தான் தெரியும். அவர்களுடைய சபை 1830-ல் அமெரிக்காவில் தொடங்கியது. 1853-லேயே ரிச்சர்ட் பாலன்டைன் என்பவர் சென்னைக்கு வந்து சுமார் ஒரு வருடம் பாடுபட்டிருக்கிறார். சால்ட் லேக் சிட்டியில் அவர்களுடைய முதல் ஞாயிறுபள்ளியைத் தொடங்கியவர் அவர். சென்னையில் பெரிதாக ஒன்றும் பலிக்கவில்லை, திரும்பிவிட்டார். இன்றைக்கு இந்தியாவில் அவர்கள் சிறிய கூட்டம்தான். பிலிப்பைன்ஸில் எட்டு லட்சத்துக்கும் மேல்.

அவ்வளவு பேர் இருந்தாலும் அந்த நாடு கத்தோலிக்க நாடு. வாசலில் நிற்கிற இரண்டு பேரைப் பெரும்பாலோர் வேண்டாம் என்றுதான் அனுப்புவார்கள். ஆனால் முகத்தில் அடித்த மாதிரிச் சொல்ல மாட்டார்கள். உட்காருங்கள் என்று நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, அடுத்த தடவை பார்க்கலாம் என்று சிரித்துக்கொண்டே அனுப்புவார்கள். அடுத்த தடவை போனால் வீட்டில் ஆள் இருக்காது, அல்லது இருந்தும் இல்லை என்று சின்னப் பிள்ளையிடம் சொல்லி அனுப்புவார்கள். திட்டி அனுப்பினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம், இந்தச் சிரிப்புதான் ஆளைச் சோர்த்துவிடும் என்றான். இதைக் கேட்டதும் எனக்கு நம் தெருக்கள் ஞாபகம் வந்தன. வாசலில் கைப்பிரதியோடு நிற்பவர்களை நாமும் இப்படித்தானே அனுப்புகிறோம்? மதத்தைச் சொல்லிக் கதவைத் தட்டுவது சரியா என்ற கேள்வி எனக்கும் உண்டு. தட்டுகிற கை ஒரு பிள்ளையின் கை என்பது அந்தக் கேள்விக்குப் பதில் அல்ல. அதையும் தெரிந்தே சொல்கிறேன்.

உள்ளே அழைக்கிற வீடுகளில் இன்னொரு சங்கடம், காப்பி. அவர்களுக்கு டீயும் காப்பியும் ஆகாது, சாராயமும் புகையிலையும் ஆகாது. அங்கே வந்தவர்களுக்குப் பாக்கெட் காப்பி கலந்து நீட்டுவதுதான் வழக்கம். நம் ஊரில் அதைச் சொல்லவே வேண்டாம். புறப்படுவதற்கு முன்னால் மே மாதம் ஆச்சியிடம், அதாவது பாட்டியிடம், சொல்லிக்கொள்ள அவன் ஊருக்கு வந்திருந்தான். ஏரலுக்கும் குரும்பூருக்கும் நடுவே உள்ள சின்ன ஊர் அது. ஆச்சி டீ போட்டுக் கொண்டுவந்தாள். வேண்டாம் என்றான். ஏன் என்று கேட்டுவிட்டு ஆச்சி கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள். “டீயில என்னலே பாவம் இருக்கு?” என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். “சரி, பயினி குடிப்பியால?” “குடிப்பேன் ஆச்சி.” பக்கத்து விளையிலிருந்து பயினி, அதாவது பதநீர், வந்தது. பனையோலைப் பட்டை பிடித்து மடக் மடக்கென்று குடித்தான். ஆச்சிக்கு அத்தோடு மனம் ஆறிவிட்டது. கள் குடிக்காதவன், புகை பிடிக்காதவன், ஊழியத்துக்குப் போகிறேன் என்கிறான், இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது என்று அக்காவையே ஏசினாள்.

அந்தப் பயினி இலோயிலோவில் வேறு வழியாக அவனிடம் திரும்பி வந்தது. அங்கே தென்னையிலிருந்து கள் இறக்குகிறார்கள். மரத்தில் படி வெட்டி, மூங்கில் குழாயை முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு காலையும் மாலையும் ஏறுகிறார்கள். அப்படி ஏறுகிற ஒருவர் இவர்களிடம் சில மாதம் பாடம் கேட்டிருக்கிறார். ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டார், உங்கள் சபையில் சேர்ந்தால் நான் எதை வைத்துப் பிழைப்பது? அப்போது கூட இருந்த துணைக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இவனுக்குப் புரிந்தது. எங்கள் தாத்தாவின் அப்பா பனையேறி. கள் இறக்காதே, சுண்ணாம்பு தடவிப் பதநீராக இறக்கு, காய்ச்சிக் கருப்பட்டி ஆக்கு என்பது நம் சபைகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த பேச்சு. கேட்பதற்கு எளிது. காய்ச்ச விறகு வேண்டும், நாள் முழுக்க அடுப்படியில் பெண்கள் வேக வேண்டும், கருப்பட்டிக்கு விலை வேண்டும். இவன் அவரிடம் அதையெல்லாம் சொல்லியிருக்கிறான், தன் ஆச்சியின் கையில் இருக்கிற தீக்காயத் தழும்புகள் உட்பட. அங்கே கள்ளைப் புளிக்கவிட்டு வினிகராகவும் விற்கிறார்கள், அந்த வழியையும் பேசியிருக்கிறார்கள். அவர் சபையில் சேரவில்லை. இவர்கள் அந்த வழியாகப் போகும்போது தண்ணீர் குடிக்க இன்றும் அவர் வீட்டில்தான் நிற்கிறார்கள்.

சாப்பாட்டுக்கு அவன் கஷ்டப்படவில்லை. மூன்று வேளையும் சோறு கிடைக்கிற நாடு. கருவாடு உண்டு. கோழிக் குழம்பில் முருங்கைக்கீரையைப் போடுகிறார்கள். முதல்முறை அந்தக் கிண்ணத்தைக் காட்டியபோது அக்கா, “கொல்லையில நிக்கிற மரத்த நீ திரும்பிக்கூடப் பாக்க மாட்டியேலே” என்றாள்.

2023 டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை. இந்த ஜில்லாக்காரர்களுக்கு அந்தத் தேதியைச் சொன்னால் போதும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரையெல்லாம் ஏறிவிட்டது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு நின்றுபோனது. ஏரல் பக்கம் மின்சாரம் இல்லை, டவர் இல்லை, சாலை இல்லை. பாளையங்கோட்டை மேட்டில் இருப்பதால் நாங்கள் தப்பித்தோம். ஆச்சி ஊரில் தனியாக இருந்தாள்.

மறுநாள் திங்கட்கிழமை, அவன் பேசுகிற நாள். அக்காவின் போனில் கொஞ்சம் சார்ஜ் இருந்தது. அவன் செய்தியைப் பார்த்துவிட்டான். எடுத்ததும், “ஆச்சி எங்கம்மா?” என்றான். அக்காவிடம் பதில் இல்லை. போன் என் கைக்கு வந்தது. என்னிடமும் இல்லை. ஓட்டு வீடு, ஆற்றிலிருந்து தூரம் அதிகமில்லை என்பது அவனுக்கும் தெரியும். அன்றைக்கு அவனுடைய துணை லெய்த்தே தீவில் தக்ளோபான் பக்கத்துப் பையன். 2013 நவம்பர் 8-ஆம் தேதி யோலாண்டா புயல் அடித்த ஊர் அது. நாடு முழுக்க ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அப்போது அவன் சின்னப் பிள்ளை, வீட்டுக் கூரைமேல் ஏறி உட்கார்ந்திருந்தவன். அவன் இவனுக்கு வசனம் சொல்லவில்லை. சோறு வடித்துவைத்து, சாப்பிடு என்று பக்கத்தில் உட்கார்ந்தானாம். இவன் சாப்பிடவில்லை என்றதும் அவனும் சாப்பிடவில்லை. இரவு விளக்கை அணைத்த பிறகு இருட்டில், அந்தக் கூரைமேல் தன் அம்மா என்ன பேசினாள், யார் பெயரையெல்லாம் சொல்லிக் கூப்பிட்டாள், தண்ணீர் எப்போது இறங்கத் தொடங்கியது என்று ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறான்.

மறுநாள் காலை இருவரும் வழக்கம்போல் வெளியே போனார்கள். ஒரு கிழவிக்குச் சாலையோரம் நெல் காயப்போட வருவதாக முன்பே சொல்லியிருந்தார்கள். “போகாம இருந்திருக்கலாம் சித்தி, யாரும் ஒண்ணும் சொல்லிருக்க மாட்டாங்க. ஆனா ரூம்ல இருந்தா நான் பைத்தியம் ஆயிருப்பேன்.” கால்விரலால் நெல்லைக் கீறிக் கீறிப் புரட்டிக்கொண்டே நடந்திருக்கிறான். தினமும் வீட்டுக்குப் பேச அவனுடைய மேலதிகாரி தாமே சொல்லிவிட்டார். புதன்கிழமை மத்தியானம் ஊர்ப் பையன் ஒருவன் தண்ணீரில் நடந்து மேட்டுக்கு வந்து, டவர் கிடைத்த இடத்தில் நின்று எங்களைக் கூப்பிட்டான். ஆச்சி மச்சு வீட்டு மொட்டைமாடியில் பத்துப் பதினைந்து பேரோடு இருக்கிறாள், ஊறவைத்த அரிசியும் பிஸ்கட்டும் தின்றார்கள், கோழி மூன்றும் போய்விட்டது, ஆள் நலம். அதை இலோயிலோவுக்குச் சொன்னபோது அவனுக்குப் பேச்சு வரவில்லை. தக்ளோபான் பையன்தான் போனை வாங்கி எங்களுக்கு நன்றி சொன்னான்.

ஆச்சி திரும்ப நல்ல போனில் பேச வருடம் பிறந்துவிட்டது. அதற்குள் ஜனவரி 2-ஆம் தேதி பனாய் தீவு முழுக்க மின்சாரம் போய், சில நாள் அவன் இருட்டில். இந்த முறை நாங்கள் இங்கே காத்துக் கிடந்தோம்.

இந்தச் சீமையிலிருந்து பிள்ளைகள் போவதும் பழைய கதைதான். 1903 பிப்ரவரி 12-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரிச் சங்கம் தொடங்கியது. முன்னின்றவர்களில் ஒருவரான வெள்ளாளன்விளை அசரியாவுக்கு அப்போது 30 வயதுகூட ஆகவில்லை. நம் ஆட்களையே தெலுங்கு நாட்டில் டோர்னக்கல்லுக்கு அனுப்பினார்கள். பின்னால் 1909-ல் அசரியாவும் அங்கே போனார், 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். எங்கள் பெரியப்பா ஒருவரும் குஜராத் பக்கம் மலைக்காட்டில் ஊழியம் செய்தவர். மாதம் ஒரு இன்லண்ட் லெட்டர் வரும். அதில் வசனமும் ஜெபக்குறிப்பும் இருக்கும். மலேரியா வந்தது, குஜராத்தி பேச வராமல் தவித்தது, கூட இருந்தவர் பாதியில் ஊருக்குத் திரும்பிவிட்டது எல்லாம் அவர் இறந்த பிறகு பெரியம்மா சொல்லித்தான் தெரியும். ஆச்சி அடுக்களையில் ஒரு தகரப் பெட்டி வைத்திருப்பாள். உலையில் போடுகிற அரிசியில் ஒரு பிடி அந்தப் பெட்டிக்குப் போகும். மிஷனெரிக்கு என்று. பெரியப்பா குஜராத்தில் தின்ற சோற்றில் அப்படி எத்தனை வீட்டுப் பிடியரிசி இருந்திருக்கும்.

பெரியப்பா அன்றைக்கு வாய் திறந்து சொல்லியிருந்தால் எங்களுக்கு என்ன தெரிந்திருக்குமோ, அதுதான் இப்போது இவன் வழியாகத் தெரிகிறது. இவன் எத்தனை பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தான் என்று நான் கேட்டதில்லை. உம்மென்று இருந்தவன் இப்போது பேசுகிறான். அடுத்தவன் சாப்பிடாவிட்டால் கவனிக்கிறான். கிழவி வீட்டு நெல்லைத் தன் வீட்டு நெல்லாகப் பார்க்கிறான். அவன் போய்ச் சந்திக்கிறவர்களை எவ்வளவு மாற்றுகிறானோ தெரியாது, அந்த நாட்கள் அவனை மாற்றியிருப்பது எனக்குத் தெரிகிறது.

வரும் ஜூலையில் திரும்புகிறான். போன வாரம் ஆச்சி பாளையங்கோட்டைக்கு வந்திருந்தாள். போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் மனதில் இருந்ததைக் கேட்டாள். “ஏலே, அடுத்த கிறிஸ்மஸுக்கு எந்தக் கோவிலுக்குப் போவ?”

“நாலு மணி ஆராதனைக்கு உங்ககூட வாறேன் ஆச்சி. ராப்போஜனம் மட்டும் எடுக்க மாட்டேன்.”

“பாட்டுப் பாடுவியா?”

“பாடுவேன்.”

“அப்பம் சரி. எனக்கு இப்ப எழுத்துத் தெரிய மாட்டேங்கு. பக்கத்துல இருந்து நீ வாசிச்சுச் சொல்லு, நான் பாடுதேன்.”

அக்காவுக்கு அந்தப் பதில் போதவில்லை. ஆராதனையில் அப்பமும் ரசமும் வாங்குகிற ராப்போஜனத்தை எடுக்க மாட்டானாம் என்று அன்றைக்கு முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தாள். சபைப் போதகரான ஐயரிடமும் சொல்லியிருக்கிறாள், அவர் ஜெபிப்போம் என்றாராம். வந்த பிறகு நேரில் பேசிக்கொள் என்று நான் சொல்லியிருக்கிறேன். அத்தான் இதில் எதுவும் சொல்லவில்லை. ஜூலைக்குள் வீட்டுக்கு வெள்ளையடித்துவிட வேண்டும் என்று ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறார்.